மூன்றாவது கோரிக்கை

எண்பதுகளின் நடுவில் தென்காசித் தொகுதியில் பார்லிமென்டுக்கு நின்று தோற்றவள் நான். சொல்வதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. கேட்பவர்களுக்குத்தான் வாய் கோணும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் ஓர் அச்சாபீஸில் ஈய எழுத்துக் கோர்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும். ஒரு நாள் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த அண்ணாச்சி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையில் மரம் போய்விட்டது, அருவி நூலாக இறங்குகிறது, இரண்டு வருஷமாகச் சீசன் படுத்துவிட்டது என்று அவருக்குக் கவலை. கூட வந்த காலேஜ் வாத்தியார், வெளிநாட்டில் மரம் செடிக்காகவே ஒரு கட்சி ஆரம்பித்து, பூந்தொட்டியும் கையுமாகப் பார்லிமென்டுக்குள் போய்விட்டார்கள் என்று பேப்பரில் படித்திருந்தார். அவர்கள் போகலாம், நாம் போகக்கூடாதா? கட்சி உண்டாகிவிட்டது. தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, பச்சைத் துணியில் கொடிகூட உண்டு. வேட்பாளர்தான் இல்லை.

எங்கள் பார்லிமென்ட் தொகுதி தனித்தொகுதி. தாழ்த்தப்பட்டவர்கள்தான் நிற்க முடியும். வந்த நால்வரும் ஆளுக்கொரு தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள். நிற்கத் தகுதி ஒருத்தருக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் எங்கள் தெருப் பக்கம் நின்றது. அண்ணாச்சி அச்சாபீஸைச் சுற்றிப் பார்த்தார். அதுவரை "ஏட்டி, ப்ரூஃப் கொண்டா" என்று என்னைக் கூப்பிட்டவர், "தங்கச்சி, நீ நின்னாத்தான் உண்டு" என்றார்.

சரி என்றேன். எனக்கும் ஆசை இருந்தது. வெட்டிய மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் செங்கோட்டை ரோட்டில் வரிசையாக வருவதைப் பார்த்து வயிறு எரிந்தவள்தான் நானும்.

நோட்டீஸை நானே கோர்த்தேன். கட்சி எழுதிக் கொடுத்தது பத்துக் கோரிக்கை. மூன்றாவதில் கை நின்றுவிட்டது. மலையில் பெண்கள் விறகு எடுப்பதை அடியோடு தடுக்க வேண்டும் என்று இருந்தது. தடி லாரியைப் பற்றிப் பத்தில் ஒன்றிலும் பேச்சில்லை. என் அம்மா விறகு எடுக்கிறவள். விடியுமுன் மலையேறி, காய்ந்த விறகு பொறுக்கி, தலையில் சுமந்து குற்றாலத்தில் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அவளை மலையிலிருந்து விரட்ட அவள் மகளே ஓட்டுக் கேட்க வேண்டுமாம்!

மறுநாள் லாட்ஜில் கட்சிக் கூட்டம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"மூணாவத எடுத்துட்டு லாரியப் போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"லாரிக்காரன்வ நமக்கு வேண்டியவன்வ தங்கச்சி. எலெக்‌ஷனுக்கு வண்டி தாரதே அவன்வதான். விறகு பொறுக்குதவளுவளாலதான் மல மொட்டையாவுது."

"ஒங்க லாட்ஜ்ல வெந்நி எதுல காயுது?"

பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என் அம்மா கொண்டுவந்து போட்ட விறகு. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

வாத்தியார் சமாதானத்துக்கு வந்தார். "அதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம்மா. எப்படியும் நாம ஜெயிக்கப் போறதில்ல. சும்மா ஒரு தொடக்கந்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. "தோக்கதுதான் தோக்கப் போறோம், ஒங்க சொல்லுக்கு எதுக்குத் தோக்கணும்? எஞ்சொல்லுக்கே தோத்துக்கிடுதேன்" என்று வெளியே வந்துவிட்டேன். கொழுப்பைப் பார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஆமாம், கொழுப்புதான்.

சுயேச்சையாக மனுச் செய்தேன். முன்மொழிய அம்மா வந்து, அதிகாரி முன்னால் கைநாட்டு வைத்தாள். அச்சாபீஸ் முதலாளி கழித்துப்போட்ட தாளைக் கொடுத்தார். வேலை முடிந்த பிறகு நானே கோர்த்து நானே அடித்தேன். ஒரே கோரிக்கைதான்: தடி லாரியை நிறுத்து, விறகுக்காரியை விடு. வடகரை, பண்பொழி என்று விறகுக்காரிகள் போன இடமெல்லாம் நோட்டீஸும் போனது. சிலர் எங்கள் கண் முன்னாலேயே கசக்கிப் போட்டார்கள். அடுத்த ஆளுக்கு அடுத்ததைக் கொடுத்தோம். பச்சைக் கொடிக்காரர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தேர்தலுக்கு முன்பே கட்சி கலைந்துவிட்டது.

நான் தோற்றேன். டெபாசிட்டும் போயிற்று. மறுநாள் அம்மா வழக்கம்போல மலைக்குப் போனாள். இறங்கும் வழியில் நிற்கும் பாரஸ்ட் கார்டு, ஒவ்வொருத்தி சுமையிலிருந்தும் நல்ல விறகாக ஒன்றை உருவிக்கொள்வான். யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு, "ஏட்டி, ஒம் மவ தோத்துட்டாளாமே" என்று சிரித்துக்கொண்டே அம்மாவின் சுமையில் கை வைத்திருக்கிறான்.

அம்மா அசையவில்லையாம். "டில்லிக்கு நின்னவளப் பெத்தவ நான். ஆச்சின்னு கூப்புடு, பெறவு உருவு" என்றாளாம்.

"கூப்பிட்டானா?" என்று கேட்டேன்.

"அவனாவது, கூப்புடதாவது" என்றாள் அம்மா. "ஆனா கைய எடுத்துட்டாம்லா."