ரிவர்ஸ் போடாத சின்ராசு

ஜீப்பின் ஸ்டெப்னி மேல் சட்டையை மடித்து வைத்துவிட்டு, மட்கார்டு ரப்பரை வெட்டித் தைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, குளத்தை நோக்கிப் பின்பக்கமாகவே நடக்கிறார் சின்ராசு. தண்ணீரில் துடுப்பாக உதைக்கத் தைத்தது, முன்னால் நடந்தால் அந்த நீளச் செருப்பு தடுக்கிவிடும். இடுப்பைச் சுற்றி லாரி டியூப்பு, அதில் உட்கார ஓர் உரச்சாக்கு, கையில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு கோல். ஏலச்செடிகளுக்குள்ளிருந்து, காய் எடுக்கும் பெண்களில் ஒருத்தியான ஒச்சம்மாளின் குரல் கிளம்புகிறது.

"ஏய், கொழுந்தனாருக்கு மாசம் நெறஞ்சு போச்சுடி! பிள்ளத்தாச்சி பைய வர்றாக, வழி விடுங்க!"

மேட்டுத் தோட்டமே சிரிக்கிறது. சின்ராசும் சிரிக்கிறார். வேறென்ன செய்ய?

போடியிலிருந்து விடிந்தும் விடியாமல் இந்தப் பெண்களை ஏற்றி, போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் இறக்குவதும், நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அவர் சோலி. பத்தொன்பது வருடமாக ஒரே தோட்டம். வளைவில் அவர் வண்டியை ஒடிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரே ஒடி, வண்டி மேலே நிற்கும். எதிரே பஸ்சே வந்தாலும் பின்வாங்குவது பஸ்சுதான். "ரிவர்ஸு எதுக்குங்கிறேன்? ஓட்டத் தெரியாதவனுக்குன்னு கம்பெனிக்காரன் பாவம் பாத்துப் போட்டுக் குடுத்தது" என்பார். இந்த வீம்புக்கு அவர் மனைவி தமிழ்செல்வி வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

அப்படிப்பட்ட மனுசன் டியூப்பில் ஏறியதற்குக் காரணம் ஒரு விரால். போன மழைக்கு, சிலமலைக் கண்மாயில் சாண் நீளத்துக்கு ஒன்று அகப்பட்டது. அறுக்க மனசு வராமல் வாளியில் மலைக்குக் கொண்டுவந்து தோட்டத்துப் படுதாக்குளத்தில் விட்டார். குழி வெட்டி, கனத்த படுதா விரித்து, மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கிற குளம் அது. பங்குனி வெயிலில் செடிகளுக்கு அதை விட்டால் ஒரு சொட்டு கிடையாது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பவதாரணி அதில் ஆசை ஆசையாக மீன்குஞ்சு விட்டிருந்தார். விரால் அத்தனையையும் வழித்துத் தின்றுவிட்டு முழங்கை நீளத்துக்கு வளர்ந்து நின்றது.

"யாரும் எங்கிட்டக் கேக்கல. விரால விட்டது நாந்தான்னு நானாத்தான் போயிச் சொன்னேன். மறச்சு வச்சா ஸ்டேரிங்கு புடிக்கிற கை நடுங்கும்" என்கிறார் சின்ராசு.

பவதாரணி சின்னப் பெண்தான். ஆனால் பேச்சில் பிசிறு கிடையாது. "விட்டது நீங்க, எடுக்கிறதும் நீங்கதாண்ணே. வலை போடக்கூடாது, அதோட ஈயக்குண்டு அடியில இழுத்துச்சுன்னா படுதா கிழிஞ்சிரும். புழுவக் கோத்து தூண்டி முள்ளத் தண்ணிக்குள்ள எறக்கவும் கூடாது. ஒரு ஓட்டை விழுந்துச்சோ, தோட்டமே காஞ்சு போகும். அப்பறம் உங்க ஜீப்பு இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

மூழ்காத முள் உண்டா? உண்டு. தோட்டத்து விடுதியில் தங்கிய விருந்தாளி ஒருவர் விட்டுப்போன தூண்டில் கோல் மூலையில் கிடந்தது. அதன் கயிறு மிதக்கும். புழுவுக்குப் பதிலாக முள்ளில் இறகையும் முடியையும் கட்டி, ஈ போலவோ தவளை போலவோ தண்ணீர்மேல் விழவைக்க வேண்டும். செல்போனில் பாஷை புரியாத படங்களைப் பார்த்தே சின்ராசு இதைக் கற்றார். சேவல் இறகு நனைந்து முங்கியது. தமிழ்செல்வியின் சவுரியிலிருந்து ஒரு கொத்தை நறுக்கி, மெழுகு தடவிக் கட்டினார். அடேயப்பா, தக்கை மாதிரி மிதந்தது! சவுரி விஷயம் வெளியே வந்த அன்று வீட்டில் அவருக்குச் சோறு கிடையாது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைக் குறட்டால் நசுக்கியும் வைத்தார், எங்கே பட்டாலும் கொக்கி போட்டு நிற்காமல் இருக்க.

வீசுவது லேசில் வரவில்லை. கயிறு முதுகுப்பக்கம் முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். பொறுமைக்கும் சின்ராசுக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போயிருக்கிறது? களத்தில் பழகும்போது முள் அவர் காலரைப் பிடித்தது, காயப்போட்ட பாவாடையைப் பிடித்தது, ஒருநாள் ஒச்சம்மாளின் தலைத்துண்டையே பிடுங்கிக்கொண்டு போனது. "மீனுக்கு வழியில்லன்னு எம்மேல வீசுறியாக்கும்?" என்று அந்த அம்மாள் கத்தியது போடிமெட்டு செக்போஸ்டுக்கே கேட்டிருக்கும்.

கரையில் பாசி வழுக்கும் என்பதால் டியூப்பு. சும்மா சொல்லக்கூடாது, அதில்தான் கடவுள் அவரைப் பழிவாங்கினார். உட்கார்ந்து காலை உதைத்தால் டியூப்பு பின்னால்தான் போகும். எப்படி உதைத்தாலும் பின்னால்தான். முதல் நாள் முன்னே போக அரைமணி மல்லுக்கட்டிவிட்டு, மூச்சு வாங்க, "இது ஒரு வண்டியா? முழுக்க ரிவர்ஸு!" என்று திட்டினார். ஒரு மாதத்தில் கழுத்தைத் திருப்பாமலே பின்னால் போகப் பழகிவிட்டார். அந்த ஒரு மாதமும் விரால் அவரைச் சட்டை செய்யவில்லை. குளத்திலோ தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் கையோடு கரையேறும்போதெல்லாம் பவதாரணி முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சோற்றுக்குப் பெண்கள் கரையில் கூடியிருந்த நேரம், சவுரித் தவளை குளத்துக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாய்ப் பக்கம் விழுந்தது. தண்ணீர் பொளக்கென்று வாயைத் திறந்து அதை விழுங்கியது. கோல் வில்லாக வளைந்தது. விரால் டியூப்பையே ஒரு சுற்றுச் சுற்றியது. அடியில் போகவிடாமல் கோலைத் தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இழுத்து, மீனுக்கென்று மடியில் வைத்திருந்த இன்னொரு சாக்குக்குள் அதை அமுக்கினார். அந்த நொடியில், கயிற்றின் நுனியில் முள்ளைக் கட்டியிருந்த தூண்டில் நரம்பு முடிச்சில் அறுந்தது.

கரையிலிருந்த பவதாரணி எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, முள்ளு! முள்ளு எங்க?"

விரால் தலையை உதறியது. அதன் வாயிலிருந்து முள் கழன்று டியூப்பின் ஓரத்தில் பட்டுச் சரிந்ததைப் பார்த்தவர் சின்ராசு ஒருவர்தான். அது தண்ணீரைத் தொடுமுன் வலது கையால் பொத்திப் பிடித்தார். கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகு ஒருமுறை குலுங்கியது மட்டும்தான்.

"எங்கிட்டத்தாம்மா இருக்கு!"

குரல் கொஞ்சம் பிசகியிருந்தது. இடது கையால் சாக்கின் வாயை இறுக்கிக்கொண்டு, காலை உதைத்து, பின்பக்கமாகவே கரையை நோக்கி வந்தார் சின்ராசு. முழங்கை வழியே ரத்தம் சொட்டச் சொட்ட, முள் குளத்துக்குள் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்று, மூடிய அந்த வலது கையைக் கரை சேரும்வரை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.