பனியில் மூன்று சொம்பு

நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் எங்கே போவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என்னையும் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் நான் சூடாகத் தேநீர் குடித்து, சேரன்மகாதேவிக்குத் திரும்பி வந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் என் சொந்தக்காரர்களால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

போன ஜனவரியில் உத்தரகாண்டில் பனிமலை ஏறப் போனேன். எனக்கு வயது அறுபத்தொன்று. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு மாதம் வாய்க்கால் கரையில் தினமும் எட்டுக் கிலோமீட்டர் நடந்து, முழங்காலைப் பழக்கி, டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டுதான் போனேன். மூன்று நாள், என்னைவிட முப்பது வயது இளையவர்களோடு சமமாக ஏறினேன். இரண்டு பேர் தலைவலி என்று பாதியில் இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை.

நான்காம் நாள் உச்சி. அங்கே கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு சிவன் கோயில் இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் புத்தி கெட்டது. எங்கள் வீட்டில் குளிக்காமல் அடுப்பைக்கூடத் தொட மாட்டோம். சிவன் முன்னால் அப்படிப் போய் நிற்பதாவது? மார்கழியிலும் தாமிரபரணியில் முங்கிக் குளித்தவள் என்ற திமிர் வேறு. மார்கழி விடியலில் எங்கள் ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதைக் கணக்கு டீச்சர் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லோரும் எழுந்திருக்கும் முன் ஓடைக்குப் போய், மேலே உறைந்திருந்த பனிக்கட்டியைக் கல்லால் உடைத்து, பூஜைக்கென்று கொண்டுபோயிருந்த சொம்பால் மூன்று முறை தலையில் மொண்டு ஊற்றிக்கொண்டேன். ஈரத் தலையைத் துண்டால் சுற்றி, மேலே கம்பளிக் குல்லாயை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் ஏறிய பிறகு தாடை இறுகியது. அப்புறம் குளிரே தெரியவில்லை, தூக்கம்தான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி வந்து ஏதோ கேட்டார், நாக்கு புரளவில்லை. புத்தியாவது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை மிரட்டி உருட்டிச் சொல்லவைத்த வாய்ப்பாடு அது. அப்போதுதான் பயந்தேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

வழிகாட்டி வயர்லெஸ்ஸில் கூப்பிட, கீழ் முகாமிலிருந்து மலைக்காரர்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் குல்லாயைக் கழற்றிப் பார்த்தார். முடி விறகுக்குச்சி மாதிரி விறைத்திருந்தது. அவர் ஹிந்தியில் திட்டினார். எனக்கு ஹிந்தி தெரியாது, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. துண்டை உருவி எறிந்துவிட்டுத் தன்னுடைய குல்லாயை என் தலையில் போட்டார். ஸ்லீப்பிங் பேக்குக்குள் திணித்துக் கட்டி இறக்கினார்கள். வழியெல்லாம் பனி உறைந்த பாறை. ஒருவர் இரண்டு முறை சறுக்கி விழுந்தும் பிடியை விடவில்லை. அந்தக் குளிரில் வெறுந்தலையோடு என்னைச் சுமந்து வந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வந்த மறுநாளே அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணன் பஸ் ஏறி வந்துவிட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குளித்த கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுல என்னட்டி தப்பு? சாமிகிட்ட சுத்தமாத்தான போயிருக்க. உன்னைக் காப்பாத்துனதே அதான். இந்த வயசுல பொம்பளைக்கு மலை எதுக்குங்கேன்?"

"வயசு மேல பழி போடாதீய அண்ணே. மூணு நாளும் இந்த வயசோடதான ஏறுனேன். குளிச்சதுதான் தப்பு."

"சாமி காரியத்தத் தப்புன்னு சொல்லாத."

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "அவ மறுபடியும் போவா, மச்சான்" என்றார். எச்சரிக்கிறாரா, புகார் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பூஜை அறைக்குப் போய், தட்டில் சூடத்தை ஏற்றி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். எங்கள் குடும்பத்தில் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மீறியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை; நானும் மீற மாட்டேன்.

"இனிமே மலைக்குப் போமாட்டேன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணு. அப்பத்தான் நான் பஸ் ஏறுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. வீடு, பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்று எல்லாம் முடிந்த பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டது அந்த உச்சி ஒன்றுதான். அதற்கு இன்னும் அரை நாள் நடை பாக்கி இருந்தது.

சுடரைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்.

"இனிமே பனிமலையில குளிக்க மாட்டேன். குளிக்காமலே ஏறிப் போயி சாமி முன்னால நிப்பேன். இது சத்தியம்."

உள்ளங்கையால் சூடத்தை அமுக்கி அணைத்தேன். நன்றாகவே சுட்டது. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்த சத்தியத்தை மாற்றச் சொல்ல அவராலும் முடியாது.