நாற்பத்தொன்றாம் எண் சீட்டு

இராஜாங்கம் எங்கே வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், அவர் மனைவி ரெங்கம்மாள் "காலேஜ்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்குமேல் சொன்னால் அந்த வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வெண்ணாற்றங்கரையை ஒட்டிய பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில், உடற்கூறியல் கூடத்தில் அவர் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். வந்து சேரும் உடல்களைக் கழுவி, மருந்து ஏற்றி, தொட்டியில் இறக்குவது அவர் பொறுப்பு.

புலத்துக்குப் பெருமை நிறைய. தங்கப்பதக்கம் வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள் வாசல் சுவரில் வரிசையாகப் பளபளக்கும். ஊர் ஊராகப் போய்ச் சர்க்கரைப் புண் பார்த்து, வெட்ட வேண்டிய கால்களை வெட்டாமல் காப்பாற்றிய டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். உடற்கூறியல் காட்சிக்கூடத்துக்கு இரண்டு முறை விருது கிடைத்திருக்கிறது. இராஜாங்கத்தின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. "இங்க பேரு வரணும்னா ஒண்ணு படிக்கணும், இல்ல சாகணும்" என்று சிரிப்பார்.

அப்படிச் செத்துப் பெயர் வாங்கியவர் தியாகேசன். திருக்காட்டுப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நிலபுலம் உள்ள குடும்பம். உயிரோடு இருக்கும்போதே உடலை எழுதி வைத்துவிட்டார். காட்சிக்கூடத்தின் நடுவில், கண்ணாடிக்குள் நிற்கிற முழு எலும்புக்கூட்டின் கீழே அவர் பெயர் இருக்கிறது. மகள் கலைமகள் வருஷம் தவறாமல் அவர் இறந்த நாளில் ஒரு முழம் மல்லிகையோடு வந்து, அந்தக் கண்ணாடி முன் அரைமணி நேரம் நிற்பாள். உதடு மட்டும் அசையும். இராஜாங்கம் அப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் தள்ளியே நிற்பார்.

காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். செத்தவர்களின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். சுடுகாட்டில் அதை அவிழ்த்துவிட்டுத்தான் தீ வைப்பார்கள். கூடத்துக்கு வருகிறவர்களுக்குச் சுடுகாடு உடனே வாய்ப்பதில்லை. கட்டிய காலோடு தொட்டிக்குள் கிடப்பது பாவம் என்று இராஜாங்கம் கழுவும்போதே அவிழ்த்துவிடுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவராகச் செய்வது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரே மதியம் இரண்டு கிழவர்கள் வந்தார்கள். ஒருவர் தியாகேசன், எண் நாற்பத்தொன்று. இன்னொருவர் கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறந்து கிடந்தவர், கேட்க ஆளில்லை. எண் சீட்டைக் கணுக்காலில் கட்டாமல் அந்தக் கால்கட்டுத் துணியிலேயே முடிந்து அனுப்பிவிட்டார்கள். இராஜாங்கம் இரண்டையும் அவிழ்த்து ஒரே தட்டில் போட்டார். கழுவி முடித்துத் திரும்பியபோது எது நாற்பத்தொன்று, எது நாற்பத்திரண்டு என்று தெரியவில்லை. இரண்டும் ஒல்லி, இரண்டும் நரைத்த தாடி. கேட்டால் வேலை போகும். ஏதோ ஒன்றை ஏதோ ஒரு காலில் கட்டினார்.

பத்து வருஷம் 'சரியாகத்தான் கட்டியிருப்போம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டார். போன வருஷம் கலைமகள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அப்பா சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்து இடது கை ஒடஞ்சிடுச்சுண்ணே. உள்ள எலும்பு கோணலாத்தான் கூடிச்சாம், வெளிய தெரியாது."

கண்ணாடிக்குள் நின்ற இடது கை நேராக இருந்தது. கோணலாகக் கூடிய கை எது என்று இராஜாங்கத்துக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வருஷப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று முறிந்த எலும்பு எப்படிக் கூடும் என்று படித்தது அந்தக் கையில்தான். ஆண்டு முடிந்ததும் எஞ்சியதை எரித்து, அநாதை என்று வெண்ணாற்றில் கரைத்தவரும் அவர்தான்.

அன்றிலிருந்து கூடத்தைத் துடைக்கும்போது கண்ணாடிக்கு முதுகு காட்டியே துடைத்தார். முதுகுதான் கூசியது. வீட்டில் சோற்றைப் பிசைய உட்கார்ந்தால், இலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோணல் கை நீள்வதுபோல் இருக்கும். பாதியில் எழுந்துவிடுவார்.

இந்த வருஷம் கலைமகள் மல்லிகை கொண்டுவரவில்லை. துணியால் வாய் கட்டிய சிறு மண்கலயத்தோடு வந்தாள். அவள் அம்மா இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. அப்பாவின் ஒரு எலும்பையாவது சேர்த்துத்தான் தன் சாம்பலைக் கரைக்க வேண்டும் என்பது கிழவியின் கடைசி ஆசை. புலத் தலைவர் சம்மதித்து, கால்விரல் எலும்பு ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொல்லி இராஜாங்கத்தை அனுப்பினார்.

கண்ணாடிக் கதவைத் திறந்தார். எலும்புகளைக் கோத்த கம்பியைத் தொட்ட விரல் நகரவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரை எடுத்து, இந்த அம்மாளின் தாயோடு கலந்துவிட வேண்டும். அவ்வளவுதான், பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

"இது உங்கப்பா இல்லம்மா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை. கலயத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா என் வீட்டுக் கஷ்டம் பூராவும் இவருகிட்டயா சொன்னேன்?"

இராஜாங்கம் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"அப்பாவ எங்க விட்டீங்க?"

பின்வாசல் வழியே கூட்டிப் போனார். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஆறு கரையைத் தொட்டு ஓடியது. படித்துறையின் கடைசிப் படியைக் காட்டினார். அவள் இறங்கி நின்றாள்.

"சும்மாவே கொட்டுனீங்களா? பேரு சொல்லி விட்டீங்களா?"

"பேரு தெரியாதவங்கள சும்மா விடக் கூடாதும்மா. எங்கப்பா பேரச் சொல்லித்தான் விடுவேன்."

"உங்கப்பா பேரு என்ன?"

"வீரையன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கந்தான். நடவாளு. உங்க வயல்லயும் எறங்கியிருப்பாரு."

தலைமையாசிரியர் தியாகேசன், நடவாள் வீரையனாகப் போயிருந்தார். அவள் அடிக்க வந்தாலும் இராஜாங்கம் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"நீங்க செஞ்சத என்னால மன்னிக்க முடியலண்ணே" என்றாள் கலைமகள். கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்தாள். "ஆனா அம்மா அவரத் தேடிப் போகணும். அதே பேரச் சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு அந்தப் பெயரைக் கொடுத்து அனுப்பியவர்தான். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அவள் தானே குனிந்து, "வீரையன்" என்று சொல்லிக் கலயத்தைச் சாய்த்தாள்.