பத்மாவதி அக்காவின் தேன்பெட்டி

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு பத்மாவதி அக்காவுடையது. தேனீ வளர்ப்பதைப் பற்றிக் கேட்க இப்போது அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். முதல் மூன்று தரமும் அவருடைய பெட்டியில் தேனீ நிற்கவில்லை என்பது அயலுக்குத்தான் தெரியும்.

ஒரு வருடம் பிள்ளையார் அபிஷேகத்துக்குக் கடைத்தேன் வாங்கிக் கொடுத்தார். ஊற்றும்போது சீனிப்பாகு மணந்தது. ஐயர் அதையே ஊற்றி முடித்தார். ஆனால் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. இனித் தன் வீட்டுத் தேன்தான் கொடுப்பது என்று நேர்ந்துகொண்டார். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்து, பூவரசுக்குக் கீழே பெட்டி வைத்தார்.

பாழ்வீட்டுச் சுவரில் இருந்த தேனீக் கூட்டை எடுத்துவந்து அதில் விட்டார். மூன்றாம் கிழமை பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. எறும்பாக்கும் என்று பெட்டிக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்தார். இரண்டாவது கூட்டமும் போனது. வெயிலாக்கும் என்று மேலே தென்னோலைக் கிடுகு போட்டார். மூன்றாவதும் போனது.

"உதுகள் தேனீயோ, வாடகைக்கு இருக்கிற சனமோ? மாசத்துக்கொரு வீடு மாறுதுகள்," என்று கணவர் நடராசா அண்ணை பகிடி பண்ணினார்.

"சும்மா இருங்கோப்பா. இன்னொருக்கால் வைச்சுப் பாப்பம்."

"பிள்ளையார் கடைத்தேனும் குடிப்பார்."

"அவர் குடிப்பார். குடுக்க எனக்குக் கை வராது."

நாலாவது கூட்டத்தை வைத்த நாலாம் நாள் நடராசா அண்ணையின் தமையனார் காலமானார். முப்பத்தொரு நாள் துடக்கு. கோவிலுக்குப் போகவில்லை. சாமியறை பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டுகிற வழக்கமும் நின்றது.

அந்தியேட்டிக் கிரியை முடிந்து துடக்குக் கழிந்து வந்த முதல் வெள்ளி நான் வேலியடியில் நின்றேன். அக்கா தட்டில் இருந்த தணலில் சாம்பிராணி போட்டு, சாமியறை, குசினி, மாட்டுக்கொட்டில் எல்லாவற்றுக்கும் காட்டிக்கொண்டு பெட்டியடிக்கு வந்தார். உயிர் குடியிருக்கிற இடமெல்லாம் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். முன்பும் வெள்ளி தவறாமல் பெட்டியைச் சுற்றிக் காட்டினவர்தான்.

பெட்டி வாசலில் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. ஐந்து கிழமையாகிவிட்டது. அவ்வளவு நாள் ஒரு கூட்டமும் நின்றதில்லை. அக்கா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"தேன் எடுக்கேக்கை மட்டும் கொஞ்சம் புகை எண்டு பயிற்சியிலை சொன்னவை, தங்கச்சி. நான் வெள்ளிக்கு வெள்ளி போட்டு அதுகளைக் கலைச்சிருக்கிறன்."

தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி மெல்லத் திரும்பினார். அதன் பிறகு சாம்பிராணி மாட்டுக்கொட்டிலோடு நின்றுகொண்டது. பெட்டிக்காக அவர் சாமியறையில் நின்றே கும்பிட்டார்.

வேப்பம்பூக் காலம் முடிய, ஒன்றரைப் போத்தல் தேன் கிடைத்தது. முழுப் போத்தல் கோவிலுக்குப் போனது. ஐயர் ஊற்ற ஊற்ற, தேன் பிள்ளையாரின் தோளில் தங்கித் தங்கி இறங்கியது. அக்கா கண்ணை மூடவே இல்லை. நடராசா அண்ணை என் பக்கம் குனிந்து, "உது எங்கடை வீட்டுத் தேன்," என்றார், எனக்குத் தெரியாததுபோல.