பல் போன அருவாள்

கஜபதிக்கு எதையும் இருந்தபடி இருக்க விட முடியாது. அவரைக் கட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்கு வந்த நாளிலிருந்து தமயந்தி இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓடாத மோட்டாரைப் பிரிப்பார், சரி. ஓடுகிற மோட்டாரையும் பிரிப்பார். ஒருமுறை ஆட்டுக்கல்லைக் கொத்திவிட்டார்; ஆடி முழுக்க இட்லியில் மணல்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் அவள் புல்லறுக்க வரப்பில் உட்கார்ந்தாள். பசு புதிதாகக் கன்று போட்டிருந்தது. வைக்கோலை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. மடி சுருங்கிவிட்டது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்துகிறது. இன்று பச்சை போட்டே ஆகவேண்டும்.

ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடித்து, அருவாளை வைத்து இழுத்தாள். மழையில் நனைந்த புல் வழுக்கியது. அழுத்தி இழுத்தாள், வேரோடு வந்தது. அருவாளைத் திருப்பினாள். ரம்பம் போலிருந்த கருக்கு மொத்தமும் மழமழவென்று தேய்ந்து, விளிம்பில் சூட்டு நீலம் பாய்ந்திருந்தது.

"ஏங்க, இத இன்னா பண்ணீங்க?"

கஜபதி சிரித்த முகமாக வந்தார். "கிரைண்டிங் மெஷின்ல வச்சு சாணை புடிச்சேன். பொக்கை பொக்கையா இருந்துச்சு. இப்ப பாரு, கண்ணாடி."

"அது பொக்கை இல்ல, பல்லு. கொல்லரு ஒண்ணொண்ணா வெட்டி வச்சது. பல்லப் புடுங்கிட்டு முறுக்கு துண்ணச் சொல்றீங்க."

"அவராண்டயே குடுத்து வெட்டிக்கலாம்."

"அவரு காவடி எடுத்துகினு மலைக்குப் போயிட்டாரு. வேற வாங்கியாரலாம்னா, கிருத்திகைக் கூட்டத்துல திருத்தணிக்குள்ள பஸ்ஸும் உடல."

கஜபதி தளரவில்லை. புதிதாக வாங்கிய புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டினார். அது அலறியது. வரப்பு மொட்டையானது. புல் சேறும் தூளுமாகப் பறந்து அவள் சேலையெல்லாம் ஒட்டியது. வாரிக்கொண்டு போய்ப் போட்டதைப் பசு முகர்ந்தது. பெட்ரோல் வாடை. புஸ்ஸென்று ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பசிச்சா துண்ணும்" என்றார்.

"நீங்க துண்ணுவீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அடுத்த கழனிக்கு நடந்தாள். அங்கே ரஞ்சிதம், கஜபதியை 'பாவா' என்று கூப்பிடும் மாமன் மகள், களை எடுத்துக்கொண்டிருந்தாள். தமயந்தியின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"பாவா கை வச்சிட்டாரா?"

"ஆங்."

"என் அருவாள எடுத்துகினு போக்கா. அவரு கண்ணுல மட்டும் காட்டாத."

தமயந்தி பாதிக் கூடை அறுப்பதற்குள் அவர் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இதுவும் அதே மாதிரிதான் கீது. குடு, ஒரு இழுப்பு இழுத்துத் தரேன்."

"கன்னு கத்துது பாருங்க. போயி அது கயித்த ரெண்டு கையாலயும் புடிச்சிகினு நில்லுங்க. நான் வர வரைக்கும் கைய எடுக்காதீங்க."

போய்விட்டார். அவள் நிம்மதியாக அறுத்தாள்.

கொட்டகையில் கூடையை இறக்குவதற்குள் பசு வாயை விட்டு இழுத்தது. கறுக் கறுக்கென்று மென்றது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது. கன்று அவிழ்ந்துபோய் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. கஜபதி கீழே உட்கார்ந்து, கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சு சரியில்ல, தமயந்தி. வேற மாதிரி போடணும்."

தமயந்தி அருவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.