மாத்திரை கேட்காத பதினோரு பேர்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. அங்கே நோயாளிகளின் மரபணு விவரங்களைக் கம்ப்யூட்டரில் அலசுகிறவளை எல்லோரும் கம்ப்யூட்டரம்மா என்றார்கள். ஒருவரைக் காப்பாற்றும் மாத்திரை இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். கண்டுபிடிக்க விட்டால்தானே!

பெரிய டாக்டருக்கு அந்தக் கேள்வியே வேப்பங்காய். மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க அவர் எழுதும் மாத்திரை எல்லோருக்கும் கேட்டாக வேண்டும்; அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வேறு எழுதிக்கொண்டிருந்தார். கேட்காவிட்டால், "ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டாங்க. கணக்கிலேர்ந்து அந்த ஆளோட வரியை எடுத்துடும்மா" என்பார். மேடை ஏறினால் வாய் ஓயாத மனுஷர், ஒரு நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவரைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். குமட்டிக்கொண்டே எடுத்துவிடுவாள். இதுவரை பதினோரு பேர்.

அவர்களில் ஒருவரான தையல்காரருக்கு இரண்டாவது மாரடைப்பு வந்தது. மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றியவர் என்று சீட்டில் எழுதி, திரும்பவும் அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். விவரமெல்லாம் கீழே இருக்கிறதென்று கேள்விப்பட்டு அவர் மனைவி படியிறங்கி வந்து, ஒரு பை நிறைய காலி மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினாள். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பேனாவால் தேதி.

"நான்தாங்க கையில குடுப்பேன். முழுங்கினதும் தேதி போடுவேன். ஒரு நாள் தப்பலை."

கம்ப்யூட்டரம்மா எடுத்துப்போட்ட வரிகளைத் திறந்தாள். பதினொன்றில், தையல்காரரையும் சேர்த்து, ஒன்பது பேருக்கு ஒரே மரபணு மாற்றம். அந்த மாத்திரையைக் கல்லீரல் பக்குவப்படுத்தினால்தான் அது வேலை செய்யும். இவர்கள் கல்லீரலுக்கு அந்தப் பக்குவம் வராது. ஒருமுறை பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"கட்டுரை அச்சுக்குப் போயாச்சு. இப்ப குட்டையைக் குழப்பாதே" என்றார் பெரிய டாக்டர்.

தூ என்றிருந்தது. நேரே வார்டு டாக்டரிடம் போனாள். அவர் விவரத்தைப் பார்த்ததும் வேறு மாத்திரை எழுதினார். இதேபோல் இன்னும் எட்டுப் பேர் என்று அவள் சொன்னதைக் கேட்டிருந்த தையல்காரர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "மத்தவங்களுக்கும் சொல்லிட்டீங்களா?"

அப்போதுதான் கம்ப்யூட்டரம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. சொன்னது பெரிய டாக்டர், வரியை எடுத்த விரல் யாருடையது? அறைக்கு ஓடி, மற்ற எட்டுப் பேர் பட்டியலில் முதல் எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரா? அவர் போய் எட்டு மாசமாச்சுங்க. மாத்திரையை ஏமாத்தறார்னு ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன். ஏங்க, என்ன விஷயம்?"