இர்னிக் கிழங்கின் ஏழாம் தண்ணீர்

துணி கிடைக்காமல், செத்தவர்களைப் பாயில் சுற்றிப் புதைத்த வருஷம் அது. அட்லஸ் மலைச்சரிவில் இஜ்ஜாவின் வீட்டில் பார்லி தீர்ந்து மூன்று மாதம். வேலை தேடிக் கடற்கரைப் பக்கம் போன புருஷன், போனவன்தான்.

புதர்களுக்கடியில் மண்ணைக் கீறி இர்னிக் கிழங்கு எடுத்து வருவாள் இஜ்ஜா. ஏழு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்தால் அது உணவு. குறைந்தால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். அவளுடைய அக்கா தூதா அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள். நாற்பது நாள்கூட ஆகவில்லை.

வேகவைப்பவள் எண்ணக்கூடாது என்பது அவ்வூர்ப் பெண்களின் கட்டுப்பாடு. பசி கணக்கைத் தின்றுவிடும். இன்னொருத்தி வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்து, தண்ணீர் கொட்டும் சத்தத்தை எண்ணுவாள். தூதா தனி ஆள், தானே எண்ணிக்கொண்டாள்.

இன்று எண்ணியவள் நாத்தனார் ராபஹா.

"நாலு! அண்ணி, கிழங்கு வேகறதுக்குள்ள வெயில்ல நான் வெந்துடுவேன்."

"வாயாடாம எண்ணுடி."

"தண்ணி பத்தாது. ஊத்துக்குப் போயிட்டு வர்றேன்."

நான்கு வயது மகள் தாமுவின் அழுகையில் அது இஜ்ஜாவின் காதில் விழவில்லை. அடுத்த தண்ணீரைக் கொட்டினாள்.

"ஏழு," என்றது வாசல் பக்கம் ஒரு கரகரத்த குரல். "புள்ளைக்குக் குடு."

தலை சுற்றிக்கொண்டிருந்தவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கிழங்கை மரத்தட்டில் கொட்டினாள். தாமு ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன நேரம், குடத்தோடு உள்ளே வந்தாள் ராபஹா.

"ஐயோ அண்ணி! நாலுலதானே நான் போனேன்!"

"நீதானேடி ஏழுன்னே?"

"நானா? நான் ஊத்துல நின்னேன்!"

இஜ்ஜா மகளின் கையைத் தட்டிவிட்டாள். அந்தக் கரகரப்பு யாருடையது என்று இப்போது புரிந்தது. பிள்ளையில்லாத தூதா, தாமுவின் கன்னத்தை வருடிச் சொல்வாள்: "இவளை எனக்கே குடுத்துடேன்டி."

வாசலில் யாருமில்லை. ராபஹா உட்கார்ந்திருந்த கல், உச்சி வெயிலில் பனிக்கட்டிபோல் சில்லிட்டுக் கிடந்தது.

"அக்கா," என்றாள் இஜ்ஜா. கண்ணீர் கொட்டியது. "தனியா இருக்க முடியலையா? அதுக்காக இவளைத் தரமாட்டேன். போயிடு."

கிழங்கை மறுபடி பானையில் போட்டாள். தாமு வீறிட்டாள்.

"நீ போனப்புறம் ஒரு தடவைதான் கொட்டினேன், அதோட அஞ்சு. இனி கத்தி எண்ணுடி, ராபஹா."

"ஆ... ஆறு."

கூடவே இன்னொரு குரலும் "ஆறு" என்றது. இஜ்ஜா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏழு!" இம்முறை ராபஹாவின் குரல் மட்டும்தான்.

தாமு தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். பொழுது சாயும் வரை மகளின் தொண்டையில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தாள் தாய். மூச்சு சீராக வந்தது. கண்விழித்த குழந்தை கேட்டது:

"இன்னும் இருக்காம்மா?"